பார்த்து எழுதுகிற வேலை

என் சித்தப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) இருந்தவர். எண்பதுகளின் நடுவில் தேர்வாணையத் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தார்; 2018 டிசம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார். இடையில் ஊர்கள் மாறினாலும் பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைமடைப் பகுதியை விட்டு அவர் வெளியே போகவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக் கால்வாய் வழியாகக் கடைசியாக வந்து சேருகிற ஊர்கள் அவை. அங்கிருந்த வயதானவர்கள் அவரைக் கடைசிவரை ‘கணக்கப்புள்ள’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

வி.ஏ.ஓ. பற்றிய செய்தி என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பட்டா மாற்றத்துக்குப் பணம் கேட்டார், ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்தார்கள், லஞ்ச ஒழிப்புப் போலீசார் பிடித்தார்கள். அந்தச் செய்திகள் பொய்யில்லை. ஒரு சான்றிதழுக்காக நாலு முறை அலைந்து, கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்கே தெரியும். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்த நாற்காலியில் நேர்மையாக உட்கார்ந்திருந்த ஒருவர் முப்பது வருடமாக என்னதான் செய்தார் என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்ததால் அவருடைய வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பதவி வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1980 வரை கிராமத்துக் கணக்கு கர்ணம் கையில் இருந்தது. வரி வசூலும் சின்னச் சின்ன அதிகாரங்களும் கிராம முன்சீப்பிடம் இருந்தன. அப்பாவுக்குப் பிறகு மகன் என்று சில குடும்பங்களிலேயே அந்தப் பதவிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பரம்பரை உரிமை செல்லாது என்று 1960-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் நடைமுறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு இந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. சுமார் 23,000 பேர் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. தேறிய யாரும் தேர்வு எழுதிக் கிராமக் கணக்கைக் கையில் எடுக்கலாம் என்று ஆனது.

இது எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவது கடினம். என் தாத்தா குத்தகை விவசாயி. கர்ணம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே, வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். ஏறத்தாழ மூன்று மா நிலத்தை வாலிப வயதிலிருந்து உழுதார். தஞ்சாவூர்க் கணக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இன்றைய அளவில் ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். ஆக அவர் உழுதது ஓர் ஏக்கர் அளவுதான். ஒரு நாள் நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டேன் என்று சொன்னார். தாத்தா ஏரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. ஆனால் தான்தான் உழுதேன் என்பதற்குத் தாத்தாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சித்தப்பா வேலைக்குச் சேர்ந்த பிறகு தாலுகா அலுவலகப் பதிவறையில் எங்கள் ஊரின் பழைய அடங்கல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். அடங்கல் என்பது ஒவ்வொரு புல எண்ணிலும் அந்த ஆண்டில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் சாகுபடி செய்தார்கள் என்று எழுதுகிற கணக்கு. தாத்தா உழுத புலத்துக்கு நேரே ஒவ்வொரு ஆண்டும் நிலத்துக்காரர் பெயரே எழுதியிருந்தது. கர்ணம் வயலுக்குப் போனதே இல்லை. போன வருடக் கணக்கைப் பார்த்து இந்த வருடக் கணக்கை எழுதிவிட்டார். தாத்தா ஒரு வேளை கர்ணத்துக்கு வேண்டாதவராகக்கூட இருந்திருக்க மாட்டார். யாரும் வந்து பார்க்காததால் அவர் பெயர் எங்கும் ஏறவில்லை, அவ்வளவுதான். சித்தப்பா இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஆனால் அவர் வேலை செய்த விதம் முழுவதுக்கும் இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

அவர் அடங்கலை நடந்தே எழுதினார். சம்பா நடவுக் காலத்தில் காலையில் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். கையில் குடை, தோளில் ஜோல்னாப் பை, பையில் புல வரைபடங்களும் ஒரு பழைய நோட்டும். முன்னால் கிராம உதவியாளர் போவார். ஊர் அவரைத் தலையாரி என்றே சொல்லும். விடுமுறை நாட்களில் நானும் பின்னால் போவேன். வரப்பு முடிகிற இடத்தில் சித்தப்பா நின்று காலால் மண்ணைத் தள்ளிப் பார்ப்பார். அடியில் சர்வே கல் தலை தெரிந்தால் அடுத்த வயலுக்குப் போவார். தெரியாவிட்டால் நோட்டில் குறித்துக்கொள்வார். கல் பிடுங்கப்பட்ட இடத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு ஒரு சண்டை இருக்கிறது என்பது அவர் கணக்கு.

யார் சாகுபடி என்று அவர் கண்டுபிடிக்கிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிலத்துக்காரரிடம் கேட்க மாட்டார். குத்தகைக்காரரிடமும் முதலில் கேட்க மாட்டார். குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருக்கிற பெண்களிடம் வரப்பில் நின்றபடி, “இன்னைக்குக் கூலி யாருத்தா குடுக்குறா?” என்று கேட்பார். அவர்களுக்கு அதில் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. உடனே பெயர் வரும். அந்தப் பெயரை எழுதிக்கொள்வார். பிறகு பம்புசெட்டில் குளிக்கிற ஆளிடமோ டிராக்டர் ஓட்டுகிற பையனிடமோ வேறு பேச்சாகப் பேசி அதையே சரிபார்த்துக்கொள்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் ஏறும்.

இதற்காக அவர் பட்ட பாடும் உண்டு. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என்று குத்தகைச் சாகுபடி அதிகம். அடங்கலில் குத்தகைக்காரர் பெயர் வருவது பல நிலத்துக்காரர்களுக்குப் பிடிக்காது. ஓர் ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து நயமாகச் சொல்லிப் பார்த்தார். “நான் வயல்ல பாத்தத எழுதியிருக்கேன். நீங்க ஆட்சேபணை எழுதிக் குடுங்க, மேல விசாரிக்கட்டும்” என்றார் சித்தப்பா. அடுத்த ஜூனில் அவருக்கு மாறுதல் வந்தது. சித்தி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மகனுக்கு அந்த வருடம்தான் பத்தாம் வகுப்பு.

ஜூன் என்றால் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை. வருவாய்த் துறைக்கு ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அதற்குப் பசலி என்று பெயர். அது தொடங்குகிற ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி வரும். சித்தப்பா ஓய்வு பெற்றது 1428-ஆம் பசலி நடுவில். பசலி முடிவதற்கு முன்னால் எல்லாக் கிராமக் கணக்குகளையும் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேல் அதிகாரி முன்னிலையில் வைத்துத் தணிக்கை முடிக்க வேண்டும். அடங்கல், பட்டாதாரர் வாரியான சிட்டா, புல எண் வாரியான ‘அ’ பதிவேடு, வசூல் கணக்கு, பிறப்பு இறப்பு என்று அத்தனையும் துணியில் கட்டிப் போகும். நிலம் அளக்கிற சங்கிலியைக்கூட எடுத்துப் போய்க் காட்ட வேண்டும்.

மே மாதம் முழுக்க சித்தப்பா வீட்டுக் கூடம்தான் அலுவலகம். எங்களில் கையெழுத்து நன்றாக இருக்கிறவர்களுக்கெல்லாம் வேலை உண்டு. சித்தப்பா வாசிப்பார், நாங்கள் நகல் எழுதுவோம். புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பெயர், தகப்பனார் பெயர். சித்தப்பா ஹெக்டேரில் வாசிக்கிறபோது திண்ணையில் படுத்திருக்கும் சித்தியின் அப்பா அதை மனதுக்குள்ளேயே மாவிலும் குழியிலும் மாற்றிக்கொண்டு, “அவ்ளோ எங்கய்யா அங்கன இருக்கு?” என்று கேட்பார். பல சமயம் அவர் கேட்டதில் நியாயம் இருக்கும். சித்தப்பா பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். மறுநாள் போய்ப் பார்ப்பார். தப்பானால் வெள்ளை மை பூசக் கூடாது, சுரண்டக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் அவர் சுருக்கொப்பம் வைப்பார். அடித்தது என்ன என்பதும் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பார்.

அந்தக் கூடத்தில்தான் யூ.டி.ஆர். என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டேன். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். 1979-இல் தொடங்கி 1987 வரை, நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் என்ற பெயரில், கிராமம் கிராமமாக அனுபவம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துப் புதிய பட்டா எழுதினார்கள். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் என்ற மெட்ரிக் அளவுகள் ஆயின. திட்டம் தேவையானதுதான், அதற்கு முந்தைய பதிவுகளில் செத்துப் பல வருடம் ஆனவர்கள் பெயரிலெல்லாம் பட்டா இருந்தது. ஆனால் வேகமாக முடித்ததில் ஏராளமான பிழைகள் நுழைந்துவிட்டன. அண்ணன் தம்பி நிலம் அண்ணன் பெயரில் மட்டும் போனது. தகப்பனார் பெயர் மாறிப்போனது. பக்கத்து வயல்காரர் பெயர் கூட்டுப் பட்டாவில் ஒட்டிக்கொண்டது. பட்டா நிலம் புறம்போக்கு ஆனது. நிலம் பாட்டுக்கு இருக்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. பெண்ணுக்குக் கல்யாணம், நிலத்தை அடமானம் வைக்கலாம் என்று போகிறபோது வங்கியில் சொல்வார்கள்: உங்கள் பெயரில் பட்டாவே இல்லையே.

அப்படி ஒரு விதவை அம்மா சித்தப்பாவிடம் வந்தார். கணவர் பங்கு முழுக்க யூ.டி.ஆரில் கொழுந்தனார் பெயருக்குப் போயிருந்தது. கொழுந்தனார் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை; அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் நிலத்தை விற்கப் பார்த்தார்கள். அந்த அம்மாவிடம் இருந்தது ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டும்தான், அதுவும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து. பிழையைத் திருத்துகிற அதிகாரம் சித்தப்பாவுக்குக் கிடையாது; அது கோட்டம், மாவட்டம் என்று மேலே போக வேண்டும். அவரால் செய்ய முடிந்தது ஒரு நல்ல அறிக்கை எழுதுவது. யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல், வில்லங்கச் சான்று, அக்கம்பக்கத்து வயல்காரர்களின் வாக்குமூலம், அனுபவம் யாரிடம் என்று தான் கண்ணால் பார்த்தது என்று பக்கம் பக்கமாக எழுதினார். கோப்பு ஒரு முறை திரும்பி வந்தது. மறுபடி எழுதினார். அவர் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகுதான் உத்தரவு வந்தது. அந்த அம்மா பேருந்து ஏறி அந்த ஊருக்கே வந்து, உத்தரவு நகலைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

நிலம் பாதி வேலை என்றால் மனிதர்கள் மீதிப் பாதி. கிராம ஊராட்சிகளில் பிறப்பு இறப்புப் பதிவாளரும் வி.ஏ.ஓ.தான். 21 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தை பிறந்தால் யாராவது ஓடி வந்து சொல்லிவிடுவார்கள். சாவைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து வாரிசுச் சான்று கேட்டு வரும்போது இறப்பே பதிவாகவில்லை என்று தெரியும், பிறகு கோர்ட்டு, கோட்டாட்சியர் என்று அலைச்சல். அதனால் சித்தப்பா துக்கம் கேட்கப் போகிற வீட்டிலேயே, பதினாறாம் நாள் முடிவதற்குள், வீட்டில் நிதானமாக இருக்கிற ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வந்து எழுதிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வருவார். சிலருக்கு அது அந்த நேரத்தில் உறைக்கும். அவர் பொருட்படுத்த மாட்டார்.

முதியோர் உதவித்தொகைக்கு வருகிறவர்களிடம் வயது கேட்பதுதான் பெரும்பாடு. பிறந்த தேதி பதிவில் இருக்காது. எங்கள் பகுதியில் அதற்கு ஒரு வழி உண்டு. 1952 நவம்பர் கடைசியில் ஒரு பெரும்புயல், 1977 நவம்பரில் இன்னொன்று. “அம்பத்திரெண்டு புயலப்போ நீ எப்புடி இருந்த ஆத்தா?” என்று கேட்பார். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன் என்றால் அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். எழுபத்தேழு புயலில் மகள் கைக்குழந்தை என்றால் அதிலிருந்து இன்னொரு கணக்கு. மருத்துவர் தருகிற வயதுச் சான்று பிறகு வரும்; ஆனால் மனுவைப் பரிந்துரைக்கலாமா என்பதை அவர் அந்த இரண்டு புயல்களை வைத்தே முடிவு செய்தார்.

ஊரில் யாராவது கிணற்றில் விழுந்து இறந்தாலும், ஆற்றங்கரையில் அடையாளம் தெரியாத உடல் கிடந்தாலும், போலீசில் புகார் எழுதிக் கொடுப்பது வி.ஏ.ஓ.தான். உடலைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், பிறகு வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போக வேண்டும். மாறுதலாகிப் போன ஊரின் வழக்குக்கெல்லாம் சம்மன் வரும். அப்படிப் பார்த்துவிட்டு வந்த இரவுகளில் சித்தப்பா சாப்பிட மாட்டார். நாங்களும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

மணல் விஷயம் இன்னும் மோசம். இரவில் வண்டி போவதைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வரும். தடுக்கப் போகிறவர் கையில் ஒரு டார்ச் லைட்டும் கூடவே கிராம உதவியாளரும்தான். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காக, பட்டப்பகலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த அன்று சித்தப்பா ஓய்வு பெற்று நாலு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிட்டு, தன்னோடு வேலை பார்த்து இன்னும் பணியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். குற்றவாளிகள் இருவருக்கு அதே ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் தனியாக ஒரு ஆளை அந்த வேலைக்கு அனுப்புகிற வழக்கம் மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சித்தப்பா எளிதாகப் பழகக்கூடிய ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்திப் பேசுவார். மனுவில் ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார். சித்தியின் தம்பி மகனுக்குக் கல்லூரியில் உதவித்தொகை வாங்க வருமானச் சான்று தேவைப்பட்டது. அது சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்த கிராமம்தான். வரம்புக்குள் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தால் போதும். சித்தப்பா நிலம், தென்னந்தோப்பு, அரிசி மில் வாடகை என்று எல்லாவற்றையும் சேர்த்து உள்ளபடி எழுதி மேலே அனுப்பிவிட்டார். சித்தியின் தம்பி ஏழெட்டு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட வாசலோடு போய்விடுவார். சித்தி அதில் நிஜமாகவே உடைந்துபோனார். ஒரு நேர்மையான ஊழியரின் குடும்பம் கொடுக்கிற விலை இப்படித்தான் இருக்கிறது. அது அந்த ஊழியரின் பெயரில் பேசப்படுகிறது, ஆனால் கொடுப்பது பெரும்பாலும் வீட்டிலிருக்கிற பெண்.

கணினி வந்ததும் பலர் புலம்பினார்கள்; சித்தப்பா புலம்பவில்லை. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு எல்லாம் இணையத்தில் வந்ததும் நல்லதுதான் என்றார். கையால் எழுதிய சிட்டா நகலுக்காக ஒருவர் காத்துக் கிடந்த காலத்தை அவர் அறிந்திருந்தார். சான்றிதழ்கள் இ-சேவை மையம் வழியாக வரத் தொடங்கியபோது, ஐம்பது வயதுக்கு மேல் மடிக்கணினி பழகினார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் கவலை இருந்தது. கணினியில் போன வருட அடங்கலை அப்படியே எடுத்துப் போட இரண்டு நிமிடம் போதும். முன்பு நடக்காத கர்ணம் குறைந்தபட்சம் உட்கார்ந்து எழுதவாவது செய்தார். நானும் அதே கவலையில்தான் இருக்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட, பயிர்க் காப்பீடு செய்ய, வறட்சி நிவாரணம் வாங்க, எல்லாவற்றுக்கும் அந்த அடங்கல்தான் ஆதாரம். வயலில் நெல் இருந்து அடங்கலில் தரிசு என்று இருந்தால், நெல் விளைவித்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

அவருடைய கடைசி வேலை கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. காலையில் வீட்டை விட்டு வெளியே வந்தவருக்குத் தெரு எங்கே என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அவரோடு போனில் பேச முடிந்தது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது.

விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாய், அதை அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. கேட்பதற்கு எளிது. எண்ணுவது எளிதில்லை. வேரோடு சாய்ந்தது, நடுவில் முறிந்தது, இவை சரி. நின்றுகொண்டிருக்கிறது, ஆனால் குருத்து திருகிப்போய்விட்டது, இரண்டு மாதத்தில் செத்துவிடும். அதை எதில் சேர்ப்பது? வரப்பில் நின்ற மரம் இந்தப் பக்கத்துக்காரருக்கா அந்தப் பக்கத்துக்காரருக்கா? தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கா, பட்டா வைத்திருப்பவருக்கா? புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பத்து மரம் வைத்து, அதிலேயே பிழைத்த குடும்பத்துக்கு என்ன செய்வது?

நான் ஊருக்குப் போனபோது சித்தப்பா ஒரு சின்ன டப்பா சுண்ணாம்பும் பிரஷும் வைத்துக்கொண்டு தோப்பில் நின்றார். எண்ணின மரத்தின் அடியில் ஒரு கோடு. இரண்டு தடவை எண்ணக் கூடாது, விட்டும் போகக் கூடாது. விழுந்த மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததால் சில இடங்களில் தவழ்ந்து போக வேண்டியிருந்தது. தோப்புக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஒருவர் மட்டும் தன் தோப்புக் கணக்கைக் கேட்டுவிட்டு, “இருபத்தஞ்சு வருசத்து மரம் சார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குருத்து திருகிய மரங்களைத் தனியாக ஒரு பட்டியல் போட்டு, இவை பிழைக்காது என்று காரணத்தோடு எழுதினார். புறம்போக்கு வீடுகளின் மரங்களுக்கும் தனிப் பட்டியல். அந்தப் பட்டியல்களில் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பது அவர் கையில் இல்லை. சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவர்களில் இரண்டொருவர் இன்றும் அவர்மேல் வருத்தத்தோடுதான் இருக்கிறார்கள். அதற்கு அவர் பதில் சொல்வதில்லை.

டிசம்பர் 31 மாலை பொறுப்பு ஒப்படைத்தார். பதிவேடுகள், வரைபடங்கள், முத்திரை, சங்கிலி என்று பட்டியல் படித்துக் கையெழுத்து வாங்கினார். பிரிவு உபசார விழா வேண்டாம், ஊர் இருக்கிற நிலையில் அது நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டார்.

இப்போது அந்தக் கிராமத்தைப் பார்த்துக்கொள்வது ஓர் இளம்பெண். நல்ல துடிப்பான அதிகாரி. அவ்வப்போது சித்தப்பாவுக்குப் போன் செய்து, “ஐயா, இந்தப் புலத்துல கிழக்கால கல்லு இருக்குன்னு வரைபடம் சொல்லுது, காணோமே” என்று கேட்பார். இவர் வாய்க்கால் மதகிலிருந்து எத்தனை அடி தள்ளித் தோண்ட வேண்டும் என்று சொல்வார். போன ஆண்டு ஒரு கோயில் நிலக் குத்தகைக்காரர் இறந்து, அவர் மகள் தன் பெயரைப் பதிய மனு போட்டபோது, தகப்பனார் எந்தப் பசலியிலிருந்து சாகுபடி செய்தார் என்ற கேள்வி வந்தது. எந்த வருட அடங்கலைத் தேட வேண்டும் என்று இவர் சொன்னார். பதிவறையில் எடுத்தார்கள், பெயர் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இந்த வருடம் பக்கத்துக் கிராமங்கள் இரண்டும் கூடுதல் பொறுப்பாகச் சேர்ந்துவிட்டன. ஆள் இல்லை, பணியிடம் காலி. திங்கள் செவ்வாய் ஓர் ஊர், புதன் வியாழன் இன்னோர் ஊர், வெள்ளி தாலுகா அலுவலகத்தில் கூட்டம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் விரல் விட்டு எண்ணினார். மூன்று ஊர் நஞ்சையையும் நடந்து பார்க்க, மழையில்லாத நாளாக, குறைந்தது ஒன்றரை மாதம் வேண்டும். நடவு முடிந்து காப்பீட்டுக் கெடு வருவதற்குள் அவ்வளவு நாள் கிடையாது. ஒருவரால் முடியாது என்றார். அந்த இரண்டு பணியிடங்களையும் சம்பாவுக்கு முன்னால் நிரப்ப வேண்டும் என்று கேட்டு, மனு எழுதத் தாள் எடுத்துவரச் சொன்னார்.